ஐஞ்சு பிழை இல்ல தங்கச்சி, ரெண்டு பிழைதான்

கேள்வி: வணக்கம் சேர். நான் முல்லைத்தீவுப் பக்கம். 2008 டிசம்பர் ஓஎல் (சாதாரண தரப் பரீட்சை) எடுக்க இருந்தனான், இடம்பெயர்வில அது போச்சு, பிறகு மெனிக் பாம் முகாம், பிறகு கலியாணம், பிள்ளையள் எண்டு காலம் ஓடிட்டுது. இப்ப முன்பள்ளி ஒண்டில வேலை செய்யிறன், கணிதம் பாஸ் இருந்தா நல்லது எண்டு சொல்லினம், அதால தனிப்பட்ட பரீட்சார்த்தியா எடுக்கப் போறன். மற்றதெல்லாம் ஓரளவு பிடிபட்டிட்டுது, ஆனா இந்தப் பின்னச் சுட்டியும் மூலக்குறியும் வந்தா தலை சுத்துது. 8^(2/3) க்கு 16/3 எண்டு எழுதினன், 16^(-1/2) க்கு -8 எண்டு எழுதினன், (16க⁴)^(3/4) க்கு 12க³ எண்டு எழுதினன், √50 + √18 க்கு √68, √(க² + 16) க்கு க + 4. எல்லாம் பிழையாம். விதியெல்லாம் பாடமாக்கி வச்சிருக்கிறன் சேர், கணக்கு எண்டு வந்தா வருகுதில்ல. ஏன் பிழை எண்டு சொல்லித்தாங்கோ. கொப்பிப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறன். ரெண்டு மாசமா, பிள்ளையள் நித்திரையான பிறகுதான் படிக்கிறன்.

பதில்:

தங்கச்சி, முதல்ல ஒண்டு சொல்லுறன். நீங்கள் ஐஞ்சு பிழை எண்டு எழுதியிருக்கிறியள், நான் ரெண்டு மூண்டு தரம் வாசிச்சுப் பாத்தன், அது ஐஞ்சு இல்ல, ரெண்டு பிழைதான். முதல் மூண்டும் ஒரே பிழை, கடைசி ரெண்டும் ஒரே பிழை. ஒரு ஆள் ஒரே பிழையைத் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி விடுறார் எண்டா அவருக்கு மூளை இல்லை எண்டு அர்த்தமில்ல, ஒரு இடத்தில ஒரு விசயத்தை ஆரும் சரியா விளக்கேல்ல எண்டுதான் அர்த்தம். நீங்கள் இதைப் படிச்சிருக்க வேண்டிய அந்த வருசம் எங்கட பிள்ளையள் எந்த இடத்தில என்ன நிலையில இருந்ததுகள் எண்டு எனக்குத் தெரியும், தரப்பாளுக்குக் கீழ வச்சு நானும் படிப்பிச்சிருக்கிறன். அதால விடுபட்டதை இப்ப இருந்து படிப்பம். (கொப்பியில எக்ஸ் எண்டு எழுதுற இடத்துக்கு இஞ்ச க எண்டு போடுறன், ^ குறிக்குப் பிறகு வாறது மேல சின்னனா எழுதுற சுட்டி.)

சுட்டி எண்டா என்ன எண்டு கேட்டா எல்லாரும் சொல்லுறது, 2³ எண்டா 2 ஐ மூண்டு தரம் பெருக்கிறது எண்டு. சரிதான். ஆனா 8^(2/3) எண்டா 8 ஐ மூண்டில் ரெண்டு தரம் பெருக்கிறதா? அப்பிடி ஒண்டு இல்ல. அந்த இடத்தில பிள்ளைக்குக் கையில பிடிக்க ஒண்டும் இல்ல, அப்ப அது தனக்குத் தெரிஞ்ச ஒரே வேலையைச் செய்யும், 8 ஐயும் 2/3 ஐயும் பெருக்கிப்போடும், 16/3 வரும். நீங்கள் 16 ஐ -1/2 ஆல பெருக்கி -8 எடுத்ததும், 16 ஐ 3/4 ஆல பெருக்கி 12 எடுத்ததும் இதே வேலைதான். உங்கட மூண்டு பிழைக்கும் வேர் இதுதான்.

இப்ப இதை வேற மாதிரிப் பாப்பம். எங்கட குளங்களில சல்வீனியா எண்ட நீர்க்களை பரவுறதைப் பாத்திருப்பியள்தானே, இண்டைக்கு ஒரு ஓரத்தில கிடக்கும், கொஞ்ச நாளில துறையே தெரியாது. கணக்குக்கு வச்சுக்கொள்ளுவம், அது ஒரு கிழமையில 9 மடங்கு ஆகுது, அதுவும் ஒரே சீரா ஆகுது எண்டு. அப்ப அரைக் கிழமையில எத்தினை மடங்கு ஆகியிருக்கும்?

கனபேர் டக்கெண்டு சொல்லுறது நாலரை. சரி, நாலரை எண்டே வச்சுப் பாருங்கோ. முதல் அரைக் கிழமையில 4½ மடங்கு, அடுத்த அரைக் கிழமையில அந்த வந்ததில இருந்து திரும்ப 4½ மடங்கு, அப்ப முழுக் கிழமைக்கு 4½ × 4½ = 20¼ மடங்கு. நாங்கள் சொன்னது 9 எல்லோ. பிழைக்குது. அப்ப அரைக் கிழமைக்கு வரவேண்டிய எண் எது எண்டா, தன்னைத் தானே ஒருக்காப் பெருக்கினா 9 வாற எண். அது 3. இதைத்தான் 9^(1/2) = 3 எண்டு எழுதுறது. √9 எண்டு எழுதுறதும் இதே 3 தான். அரைச் சுட்டி எண்டா அரைவாசி இல்ல, பாதி வழி. பாதி வழியில நிண்டு பாத்தா எவ்வளவு வளர்ந்திருக்கு எண்ட கேள்வி.

இதைக் கொண்டு உங்கட 8^(2/3) ஐப் பாருங்கோ. மூண்டு நாளில 8 மடங்கு ஆகுது. ஒரு நாளுக்கு எவ்வளவு? மூண்டு தரம் பெருக்கினா 8 வாற எண், 2. அப்ப ரெண்டு நாளுக்கு? 2 × 2 = 4. முடிஞ்சுது, 8^(2/3) = 4. கீழ இருக்கிற 3, அதாவது பகுதி எண், பயணத்தை எத்தினை சம பங்கா வெட்டுறது எண்டு சொல்லுது, அதுதான் கனமூலம். மேல இருக்கிற 2, தொகுதி எண், அந்தப் பங்கில எத்தினையை எடுக்கிறது எண்டு சொல்லுது, அது அடுக்கு. கையில ஒரு பேனை எடுத்து 8 இல இருந்து கீழ்நோக்கி ஒரு கோடு, 2 எண்டு எழுதி, அதில இருந்து மேல ஒரு கோடு, 4 எண்டு எழுதிப் பாருங்கோ, முதல்ல இறங்கிப் பிறகு ஏறுற அந்த வழி மனசில நிக்கும்.

மூலத்தை முதல் எடுக்கிறதா அடுக்கை முதல் எடுக்கிறதா எண்டு கேப்பினம். விடை ரெண்டாலும் ஒண்டுதான், ஆனா 64^(5/6) எண்டு ஒண்டு வந்தா பாருங்கோ, முதல்ல ஆறாம் மூலம் எடுத்தா 2, பிறகு 2⁵ = 32, ஒரு நிமிசம் போகாது. மாறி 64⁵ ஐ முதல் எடுத்தா 1073741824 எண்டு வரும், அதுக்கு ஆறாம் மூலம் தேடி விடிய விடிய இருக்க வேண்டியதுதான். முதல்ல இறங்குங்கோ, பிறகு ஏறுங்கோ.

மறைச் சுட்டிக்கும் வேற பாடம் தேவையில்ல. அதே மூண்டு நாளில 8 மடங்கு ஆகிற சல்வீனியா, இண்டைக்கு இருக்கிறதை 1 எண்டு வச்சா நேற்று எவ்வளவு இருந்திருக்கும்? ஒவ்வொரு நாளும் ரெண்டு மடங்கு ஆகுது எண்டா நேற்று அரைவாசி. அப்ப 8^(-1/3) = 1/2. சைபர் எண்டா இண்டைக்கு, அப்ப 8⁰ = 1. மறைக்குறி பின்னுக்குப் போகச் சொல்லுது, எண்ணை மறை எண்ணா மாத்தச் சொல்லேல்ல, நேற்று குளத்தில இலை கொஞ்சமா இருந்திருக்கலாம், மறைப் பக்கம் போயிருக்கேலாதுதானே. உங்கட 16^(-1/2), முதல்ல 16^(1/2) = 4, பிறகு நிகர்மாற்று, அதாவது தலைகீழாப் போடுறது, 1/4. பின்னத்துக்கும் அப்பிடித்தான், (27/8)^(-2/3) எண்டு தந்தா முதல் வேலையா தலைகீழாப் போட்டு (8/27)^(2/3) எண்டு எழுதுங்கோ, மறைக்குறி போயிடும், கனமூலம் 2/3, அதின்ர வர்க்கம் 4/9.

உங்கட மூண்டாவது கணக்கில, (16க⁴)^(3/4) இல, நீங்கள் க வுக்குச் செய்தது சரி, 4 ஐயும் 3/4 ஐயும் பெருக்கி க³ எடுத்திருக்கிறியள். ஏனெண்டா அங்க 4 எண்டதே சுட்டி, சுட்டிக்கு மேல சுட்டி வந்தா பெருக்கிறது. ஆனா 16 சுட்டி இல்ல, அது அடி, அதுக்கு மேல 3/4 ஏறி நிக்குது. நாலாம் மூலம் 2, பிறகு 2³ = 8. விடை 8க³. நான் பேப்பர் திருத்தேக்க ஆகக் கூட பாத்த பிழை எது எண்டு கேட்டா இதைத்தான் சொல்லுவன், நல்லாக் கணக்குச் செய்யிற பிள்ளையளே அவசரத்தில 12 எண்டு எழுதிப்போட்டுப் போயிடுவினம். தப்ப ஒரு வழி, 16 ஐ முதல்லயே 2⁴ எண்டு மாத்தி எழுதிப்போடுங்கோ. (2⁴க⁴)^(3/4), இப்ப எல்லாம் சுட்டி, எல்லாத்தையும் பெருக்கலாம், 2³க³. 8, 16, 27, 32, 64, 81, 125 இந்த எண்களைக் கண்டா கை தானாவே 2³, 2⁴, 3³, 2⁵, 2⁶, 3⁴, 5³ எண்டு எழுதவேணும், இதை மட்டும் பாடமாக்குங்கோ, மற்ற எதையும் பாடமாக்காட்டியும் பரவாயில்ல.

இனி ரெண்டாவது பிழை. √(க² + 16) = க + 4. இதில ஒரு ஆசை இருக்கு, அது எனக்கு விளங்குது, வர்க்கமும் மூலமும் வெட்டுப்பட்டுப் போகும், 16 க்கு மூலம் 4, பாக்க வடிவா வருது. ஆனா க வுக்கு 3 எண்டு போட்டுப் பாருங்கோ. உள்ளுக்க 9 + 16 = 25, மூலம் 5. உங்கட விடையில 3 + 4 = 7. அஞ்சும் ஏழும் ஒண்டில்லைத்தானே.

வீட்டுத்திட்டம் வந்த காலத்தில எங்கட ஊரெல்லாம் அத்திவாரம் வெட்டினதுகள், நீங்களும் பாத்திருப்பியள், மேசன் நூல் கட்டி மூலைமட்டம் பாக்கேக்க ஒரு பக்கம் 3 அடி அளந்து ஆணி அடிப்பார், மற்றப் பக்கம் 4 அடி அளந்து ஆணி அடிப்பார், பிறகு ரெண்டு ஆணிக்கும் இடையில குறுக்கால நாடா பிடிச்சு 5 அடி வருதா எண்டு பாப்பார், வந்தா மூலை சரி, வராட்டி நூலைத் தள்ளிக் கட்டுவார். அந்தக் குறுக்கு நீளம்தான் √(3² + 4²). அது 7 அடி வரவேணும் எண்டா எப்பிடி வரும்? ரெண்டு நூலும் ஒரே கோட்டில நேரா நிக்கவேணும், அப்ப மூலையே இல்ல, வீடும் இல்ல. பள்ளிக்கூடத்தில ஒருநாள் இதைச் சொல்லேக்க ஒரு பெடியன் எழும்பி, சேர் அப்பா இதைத்தான் ஒவ்வொரு நாளும் செய்யிறவர் எண்டு சொன்னான், அதுக்குப் பிறகு அவன் அந்தப் பிழையை விட்டதே இல்ல.

√50 + √18 உம் அதே பிழைதான், மூலத்தைக் கூட்டல் குறிக்கு மேலால தாண்ட விட்டிட்டியள். சுட்டி விதிகள் முழுக்கப் பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உண்டானது, கூட்டலையும் கழித்தலையும் கண்டா அதுகள் அந்த இடத்திலயே நிண்டிடும். √(25 × 2) ஐ √25 × √2 எண்டு பிரிக்கலாம், ஏனெண்டா நடுவில இருக்கிறது பெருக்கல். அப்ப √50 = 5√2, √18 = √(9 × 2) = 3√2. இப்ப ரெண்டிலயும் ஒரே √2 இருக்கு, அஞ்சு தேங்காயும் மூண்டு தேங்காயும் மாதிரி, 8√2. உத்தேசமாப் பாத்தாலும் √50 ஏழுக்குக் கிட்ட, √18 நாலுக்குக் கிட்ட, கூட்டினா பதினொண்டைத் தாண்டும், √68 எட்டுச் சொச்சம்தான். அந்த உத்தேசப் பார்வை ஒண்டு இருந்திருந்தா √68 எண்டு எழுதின கையை நீங்களே மறிச்சிருப்பியள்.

இப்ப நீங்கள் கேக்காத ஒண்டையும் சொல்லுறன், ஏனெண்டா கனபேருக்குத் தலை சுத்துறது இதாலதான். மூலக்குறியும் சுட்டியும் ஏன் ரெண்டு விதமா இருக்கு? ஒரே விசயத்துக்கு ஏன் ரெண்டு எழுத்து? அது வந்த வரலாறு அப்பிடி. √ குறி முதல்ல அச்சில வந்தது 1525 இல, ஜெர்மன் மொழியில கணிதம் எழுதின ருடோல்ஃப் எண்டவரின்ர புத்தகத்தில. மேல சின்னனா எண் போட்டு அடுக்கு எழுதுற வழக்கத்தை டெக்கார்ட் எண்ட பிரெஞ்சுக் கணித அறிஞர் 1637 இல கொண்டுவந்தார், மூலக்குறிக்கு மேல நீட்டிக் கோடு போடுறதும் அவர்தான். ரெண்டும் ஒண்டுதான் எண்டு சேத்து, மூலத்தைப் பின்னச் சுட்டியா எழுதுறதை நியூட்டன் 1676 இல லைப்னிட்ஸுக்குப் போக எழுதின கடிதத்தில விளக்குறார், க² க³ எண்டு எழுதுறவை இருக்கினம்தானே, அதே மாதிரி √ வாற இடத்தில நான் ½ எண்டு சுட்டி போடுறன் எண்ட கருத்தில. அதுக்குள்ள 150 வருசம் போட்டுது. அவ்வளவு பெரிய ஆக்களுக்கே ரெண்டையும் ஒண்டாக்க அவ்வளவு காலம் எடுத்திருக்கு, நீங்கள் ரெண்டு மாசத்தில தலை சுத்துது எண்டு கவலைப்படாதேங்கோ.

டெக்கார்ட் போட்ட அந்தக் கோடு இருக்கே, அதைக் கவனமா இழுக்கவேணும். உங்கட கொப்பிப் படத்தில ஒரு இடத்தில √ க்கு மேல கோடு க² ஓட நிண்டிட்டுது, + 16 வெளியில கிடக்குது, அடுத்த வரியில நீங்களே அதைப் பிழையா வாசிச்சிருக்கிறியள். கோடு எதுவரைக்கும் போகுதோ அதுவரைக்கும்தான் மூலம். சந்தேகமா இருந்தா கோடே வேண்டாம், அடைப்புக்குறி போட்டு (க² + 16)^(1/2) எண்டு எழுதுங்கோ.

சரி, ஒரு முழுக் கணக்கு ஒண்டு செய்வம், இந்த வகைக்கு ஒண்டை நல்லாச் செய்தாக் காணும்.

√(க³) × ∛(க²) ÷ க^(1/6) ஐச் சுருக்குக.

முதல் வேலை, மூலக்குறி எல்லாத்தையும் கழட்டிச் சுட்டியா எழுதுறது. √(க³) எண்டா க^(3/2), ∛(க²) எண்டா க^(2/3). இதை எழுதி முடிக்கும் வரைக்கும் ஒண்டும் சுருக்க வெளிக்கிடாதேங்கோ, இதில அவசரப்படுறதாலதான் பாதி மார்க்ஸ் போறது. இப்ப அடி எல்லாம் க, பெருக்கினா சுட்டியைக் கூட்டுறது, வகுத்தா கழிக்கிறது, அப்ப 3/2 + 2/3 − 1/6. இது வெறும் பின்னக் கணக்கு, சின்ன வகுப்பில செய்தது. பொதுப் பகுதி 6, அப்ப 9/6 + 4/6 − 1/6 = 12/6 = 2. விடை க².

நம்பிக்கை வராட்டி ஒரு எண்ணைப் போட்டுப் பாருங்கோ. க வுக்கு 64 எண்டு எடுங்கோ, அதுக்கு வர்க்கமூலம் 8, கனமூலம் 4, ஆறாம் மூலம் 2, எல்லாம் முழுசா வரும். √(64³) எண்டா 8³ = 512, ∛(64²) எண்டா 4² = 16, க^(1/6) எண்டா 2. 512 × 16 ÷ 2 = 4096. 64² எவ்வளவு? 4096. சரியா வந்து நிக்குது. இந்தச் சரிபாத்தலை நான் என்ர பிள்ளையளிட்டக் கட்டாயப்படுத்துறனான், சேர் சரியோ எண்டு என்னட்டக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வாறதை விட, 64 ஐப் போட்டுத் தாங்களே தெரிஞ்சுகொள்ளலாம். ஆனா 1 ஐயோ சைபரையோ போட்டுப் பாக்காதேங்கோ, 1 க்கு எந்தச் சுட்டி போட்டாலும் 1 தான், சைபரும் அனேகமா அப்பிடித்தான், பிழையான விடையும் சரி மாதிரித் தெரியும்.

ஒரு சின்ன விசயம், √(க²) = க எண்டு எழுதுறது க மறையா இல்லாட்டி மட்டும்தான் சரி, க = -5 எண்டா க² = 25, மூலம் 5, -5 இல்ல. உங்கட பேப்பரில இந்த மாதிரிக் கணக்குகளில எழுத்துகள் நேர் எண் எண்டு எடுத்துச் செய்யிறதுதான் வழக்கம், அதால இப்ப இதைப் பெரிசா யோசிக்கத் தேவையில்ல.

அடுத்தது மடக்கை அட்டவணை. மடக்கை (log) எண்டா, 10 க்கு மேல எந்தச் சுட்டி போட்டா அந்த எண் வரும் எண்டதுதான். அதில √50 ஐக் காணேக்க log 50 = 1.6990 ஐ எடுத்து ரெண்டால வகுக்கிறனீங்கள், 0.8495, திருப்பிப் பாத்தா 7.071. ஏன் ரெண்டால வகுக்கிறது எண்டு இதுவரைக்கும் யோசிச்சிருக்க மாட்டியள், √ எண்டா சுட்டி 1/2, அவ்வளவுதான். கனமூலத்துக்கு மூண்டால வகுக்கிறதும் அதாலதான். சுட்டியைச் சரியாப் பிடிச்சா மடக்கைப் பாடம் முக்கால்வாசி அப்பவே முடிஞ்சுது, தரம் 11 புத்தகத்தில மெய்யெண்கள் பாடத்துக்கு அடுத்ததா ரெண்டையும் ஒண்டா வச்சிருக்கிறதும் சும்மா இல்ல. அந்தப் புத்தகம் கையில இல்லாட்டி கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின்ர தளத்தில காசில்லாமல் எடுக்கலாம், போனிலயே வாசிக்கலாம், கடையில விக்கிற கைடுகளுக்கு முதல் அதைச் செய்து முடியுங்கோ.

பிள்ளையள் நித்திரையான பிறகுதான் படிக்கிறன் எண்டு கடிதத்தில கடைசியா எழுதியிருந்தியள். அப்ப ஒரு நாளைக்கு மூண்டு கணக்குக் காணும், முப்பது வேண்டாம். முதல் நாளுக்கு இதைச் செய்யுங்கோ: ∛(8க⁶) ÷ √(4க²), (81க⁸)^(-1/4), √75 − √12. முதல் ரெண்டிலயும் மூலக்குறியைக் கழட்டி எழுதின அந்த வரியும், 81 ஐ 3⁴ எண்டு மாத்தின வரியும் கொப்பியில தெரியவேணும், விடை மட்டும் வேண்டாம். முதலாவதுக்கு க, ரெண்டாவதுக்கு 1/(3க²), மூண்டாவதுக்கு 3√3 வரும். க வுக்கு 2 எண்டு போட்டு முதல் ரெண்டையும் சரிபாத்து, எங்கயாவது இடிச்சா அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கோ, வெட்டின வரியையும் அழிக்காமல் அப்பிடியே அனுப்புங்கோ.